தொட்டிக்குக் கீழே ஊட்டி

ஊட்டியை மீட்டே தீருவது என்று நம்பிராஜன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒரகடத்திலிருந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில், கடைசி சீட்டில் வைத்து முடிவு செய்தான்.

இந்த ஊட்டி நீலகிரியில் இல்லை. பென்னலூரில், முனியம்மாள் வீட்டு மாடியில், ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்தது. ஹால் என்பது வாடகை வாங்குவதற்காக வைத்த பெயர். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த ஒற்றை அறை அது. கத்திரி வெயிலில் கூரை பகலெல்லாம் காய்ந்து இறக்கிய சூட்டை, மின்விசிறி சுற்றிச் சுற்றி எல்லா மூலைக்கும் சமமாகப் பரிமாறும். ஆனால் அடுப்படி வாசலுக்கு மேலே மட்டும் மொட்டை மாடியில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருந்தது. தொட்டியின் புண்ணியத்தில் அதற்கு நேர் கீழே தரை எந்நேரமும் சில்லென்று இருக்கும். நீளம் ஒரு ஆள், அகலம் ஒரு ஆள். தூக்கத்தில் ஒரு புரட்டு புரண்டால் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வந்து விழ வேண்டியதுதான்.

ஊட்டி என்று பெயர் வைத்தவள் அவன் மனைவி சந்தனமாரி. பெயர் வைத்த கையோடு பட்டாவும் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கோடையில் இருவருக்கும் இரவு ஷிப்ட். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனி. அவனுக்கு ஒரகடத்தில் கார் சீட்டுக்குள் வைக்கிற மெத்துமெத்தான போம் வார்க்கிற கம்பெனி. இரவெல்லாம் ஏசியிலும் பேனிலும் நின்று வேலை பார்த்துவிட்டு, ஊரே விழித்திருக்கிற வெயிலில் வந்து தூங்க வேண்டும். அவள் பஸ் அவளை நேராகக் கொண்டுவந்து இறக்கிவிடும். அவன் பஸ் பிள்ளைப்பாக்கம் வரை ஊர் ஊராக ஆள் இறக்கி, அவனைக் கடைசியாக ஞாபகம் வைத்துக்கொண்டு இறக்கும். அவன் படியேறி வரும்போது அவள் குளித்து, சாப்பிட்டு, துப்பட்டாவை முகத்தில் போர்த்திக்கொண்டு ஊட்டியில் குடியேறியிருப்பாள். அவன் ஹாலில் பாயை விரிப்பான். எழுந்திருக்கும்போது பாயில் அவனைப் போலவே ஈரத்தில் ஒருவன் படுத்திருப்பான்.

கல்யாணத்துக்கு முன்னால் இருவர் ஜாதகத்திலும் பொருத்தமெல்லாம் பார்த்தார்கள். உடம்புச் சூட்டைப் பார்க்கவில்லை. இரண்டும் சூட்டு உடம்பு. பக்கத்தில் பக்கத்தில் படுப்பது என்பது எரிகிற இரண்டு அடுப்பை ஒட்டி வைக்கிற மாதிரி.

நியாயமான வழியை அவன் முயன்று பார்க்காமல் இல்லை.

"ஏளா மாரி, ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் ஒனக்கு. ஊட்டிக்கு முறை வச்சுக்கிடுவோம்."

"வச்சுக்கிடுவோம். ஒரு நாள் நீங்க சோறு பொங்குங்க, ஒரு நாள் நான் பொங்குதேன்."

முறைத் திட்டம் அத்தோடு முடிந்தது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் அந்த யோசனை வந்தபோது நம்பிராஜனுக்கு உடம்பு சிலிர்த்தது. மெத்தை! அவளுக்கு ஒரு மெத்தை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். மெத்தை என்று ஒன்று வீட்டில் இருக்கும்போது எந்தப் பெண்ணாவது தரையில் படுப்பாளா? அவள் மெத்தைக்குப் போவாள். அவன் ஊட்டிக்குப் போவான். மெத்தையை அவள் ஊட்டிக்கு நகர்த்திவிடக் கூடாது. அதற்கு டபுள் சைஸ் வாங்க வேண்டும். அடுப்படி வாசலில் டபுள் சைஸ் மெத்தை நுழையாது. அவள் கீழே குடிதண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் வாசலை ஜாண் போட்டு அளந்தும் பார்த்துவிட்டான். நுழையவே நுழையாது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவனுக்கு ஒரு செருக்கு உண்டு. எந்த போம் சூட்டைப் பிடித்துவைக்கும் என்பது நம்பிராஜனுக்கு அத்துப்படி. கனமாக இருக்க வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும். ஆள் உள்ளே அமிழ்ந்துவிட வேண்டும். மேலே ரெக்சின் உறை இருந்தால் ரொம்ப விசேஷம். உள்ளே போன சூடு வெளியேறாது, வந்த வேர்வை எங்கேயும் போகாது. வெயிலில் நின்ற காரின் சீட்டில் உட்கார்ந்து எழுந்தவனைக் கேட்டால் சொல்வான். அப்படி ஒரு மெத்தையில் படுத்தால் அவள் அசந்து கிடப்பாள். ஊட்டிப் பக்கம் நடந்து வரக்கூடத் தெம்பு இருக்காது.

சூட்டு உடம்புக்காரர்கள் உலகமெங்கும் குளிர்ந்த மெத்தையைத் தேடிக்கொண்டிருக்க, ஊரிலேயே சூடான மெத்தையைத் தேடிக் கிளம்பிய முதல் ஆள் நம்பிராஜனாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாரி, ஒனக்கு ஒரு மெத்தை வாங்கப் போறேன்."

அரிவாள்மணையில் கத்தரிக்காய் பாதியில் நின்றது.

"எனக்கா?"

"ஒனக்குத்தான். ராத்திரி பூரா லைன்ல நின்னுட்டு வந்து வெறுந்தரையில கெடக்க. பாக்கச் சகிக்கல."

"ரெண்டு வருசமா சகிச்சியளே."

"இப்பத்தான் மனசு கேக்கல."

"ஒங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? ஆம்பளை ஒடம்பு. நான் தரையில படுத்துக்கிடுவேன்."

"எந்தத் தரையில?"

"ஏதோ ஒரு தரையில. தரையில என்ன இருக்கு? எல்லாம் தரைதானே."

சந்தனமாரி அடுப்படி வாசலைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே கத்தரிக்காயின் மீதிப் பாதியை நறுக்கி முடித்தாள்.

"சரி. ஞாயித்துக்கிழமை போவோம்."

இவ்வளவு லேசாக முடிந்ததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த பேச்சில் முக்கால்வாசி மிச்சமிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் தாவீது என்பவர் கட்டில், பீரோ, மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். பருத்த மனிதர். காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே எழுந்து வந்தார்.

"வா சார், வாம்மா. இன்னா பாக்கறீங்க?"

"மெத்தை. டபுள் சைஸ்."

"அண்ணாச்சி, எங்க ரெண்டு பேருக்கும் சூட்டு ஒடம்பு" என்றாள் சந்தனமாரி. "பகல்ல தூங்குறவுக. அதுக்குத் தக்கன காட்டுங்க."

"அப்டி சொல்லும்மா. இந்தக் கம்பெனிங்க வந்ததுலேர்ந்து இது பகல்ல தூங்கற ஊராப் பூடுச்சி. வர்றவங்க பாதிப் பேரு அதான் கேக்கறாங்க." அவர் ஒரு மெத்தையை இழுத்துப் போட்டுத் தட்டினார். "இது இலவம்பஞ்சு. சூட்டைப் புடிச்சி வெச்சிக்காது. அப்பப்போ வெயில்ல போட்டு அடிச்சின்னா போதும்."

"கட்டி தட்டிடும்" என்றான் நம்பிராஜன்.

"அப்போ இது பாரு. தேங்கா நாரு. உள்ளார காத்து பூந்து பூந்து வரும். முதுவுக்கும் நல்லது. சூட்டு ஒடம்புக்கு இத்த அடிச்சிக்க ஆள் கெடையாது சார்."

"குத்தும்."

"மேல துணி கீது சார். எப்டி குத்தும்?"

"நாருன்னா நாருதான். இன்னைக்கு இல்லன்னா நாளைக்குக் குத்தும்."

தாவீது அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நம்பிராஜனின் கண் கடையைச் சுற்றி வந்து, பின்பக்கத்து இருட்டு மூலையில் நின்றது. அங்கே ஒரு மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். யானைக்குட்டி மாதிரி கனம். மெரூன் நிற ரெக்சினில் பெரிய பெரிய மஞ்சள் பூ.

"அது என்ன?"

"அது உனுக்கு வேணாம் சார். ஏசி போட்டுக்கினு தூங்கறவங்களுக்கு. ஒரு பார்ட்டி ஆர்டர் குட்த்துட்டு ஆளே வர்ல. சும்மா உக்காந்தாவே முதுவுல தண்ணி ஊத்தும்."

நம்பிராஜனின் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அதை எடுத்துப் போடுங்க."

"சார்..."

"அண்ணாச்சி, நீங்க விக்கிறவரு. நான் செய்யிறவன். போம் கம்பெனியில இருக்கேன். எடுத்துப் போடுங்க."

போட்டார்கள். தூசி அடங்கியது.

"மாரி, இங்கன வா. கையை வை. எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்கு."

"அந்தப் பஞ்சு மெத்தையில வை."

"வெதுவெதுன்னு இருக்கு."

"பாத்தியா! கை பொய் சொல்லுமா?"

"தொட்டா சில்லுனுதான் சார் இருக்கும்" என்றார் தாவீது. "படுத்தாதானே..."

"நீங்க சித்த சும்மா இருங்க."

இதுதான் அவன் வைத்திருந்த துருப்பு. ரெக்சின் தொட்ட மாத்திரத்தில் சில்லென்றுதான் இருக்கும். சீட்டு கம்பெனியில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். செல்போன் கம்பெனியில் இருக்கிறவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

சந்தனமாரி திரும்பவும் மெரூன் மெத்தையில் கையை வைத்தாள். இந்தத் தடவை எடுக்கவில்லை. வைத்தபடியே தாவீதிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை வருசம் உழைக்கும், எலி கடிக்குமா, மடக்கி ஓரமாக வைக்க முடியுமா. மடக்க முடியாது, இத்த மடக்க நாலு பேரு வேணும், என்றார் அவர். அப்படியா என்றாள். அப்புறம் கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். கடையில் தூசி ஜாஸ்தி என்று நம்பிராஜன் நினைத்துக்கொண்டான்.

"இதுதான் குளிர்ச்சின்னு சொல்லுதிய."

"இதுதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஊட்டி மாதிரி?"

"ஊட்டி என்ன ஊட்டி? காஷ்மீரு!"

"அண்ணாச்சி, நீங்களும் கேட்டுக்கிடுங்க" என்றாள் அவள். "இவுக வெவரம் தெரிஞ்சவுக. இவுகளே பாத்து, இவுகளே காஷ்மீருன்னு சொன்ன மெத்தை. இதையே எடுத்து வைங்க."

அவள் வெளியே போய்ச் செல்போனில் பேசிக்கொண்டிருந்தபோது தாவீது அவன் காதருகே வந்தார்.

"சார், தப்பா நெனிச்சிக்காதே. வூட்ல சண்டையா?"

"இல்லையே, ஏன்?"

"இல்ல, கத்திரில இந்த மெத்தைய எத்துகினு போய் பொண்டாட்டிக்கு விரிக்கறியே, அதான் கேட்டேன்."

நம்பிராஜன் பர்சை எடுத்தான். அதற்குள் சந்தனமாரி உள்ளே வந்தாள்.

"நீங்க குடுக்காதிய. தளவாய்ட்டச் சொல்லிட்டேன். அவன் வந்து எடுத்துக்கிடுவான்."

தளவாய் அவளுடைய தம்பி. மறைமலை நகரில் கார் கம்பெனியில் வேலை. மெத்தைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்ல வேண்டும். கல்யாணத்தின்போது பெண் வீட்டுச் சீரில் பீரோ வந்தது, பாத்திரம் வந்தது. மெத்தை மட்டும் பிறகு செய்கிறோம் என்று நின்றுபோயிற்று. மெத்தையில் படுத்துப் பழக்கமில்லாத நம்பிராஜன் அந்த மெத்தையை இரண்டு வருடமாக விடாமல் பயன்படுத்தி வந்தான். குழம்பில் உப்புக் குறைந்தால் மெத்தை வரும். சட்டைப் பொத்தான் அறுந்திருந்தால் மெத்தை வரும். எந்தச் சண்டையும், "ஒங்க வீட்டுல போட்ட மெத்தையில படுத்துக்கிட்டு நான் யோசிச்சுப் பாக்கேன்" என்றுதான் முடியும்.

"ரெண்டு வருசமா நீங்க கேக்கிய" என்றாள் சந்தனமாரி. "அம்மாவுக்கும் மனசுல அது ஒரு கொறை. நீங்களே தேர்ந்தெடுத்திட்டிய, இனி யாரும் ஒரு சொல்லுச் சொல்ல முடியாது. சீரா எறக்கிருவோம்."

நம்பிராஜனுக்குத் தலை கால் புரியவில்லை. ஊட்டியும் கிடைத்தது, மெத்தையும் சும்மா வந்தது! வரும் வழியில் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். இரண்டாவது ரோஸ்மில்க்கும் அவன்தான் கட்டாயப்படுத்தினான். பாவம், குடிக்கட்டும் என்றிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில் முனியம்மாள் வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அப்போதுதான் அந்த வண்டிகள் புதிதாக ஓடத் தொடங்கியிருந்தன. பின்னால் மெத்தை சுவர் மாதிரி நின்றுகொண்டு வந்தது. அதைப் பிடித்தபடி தளவாயும், அவனோடு வேலை பார்க்கிற நாலு பேரும். வாழைத்தார், தாம்பூலத் தட்டு, வேட்டி துண்டு எல்லாம் முன் சீட்டில் வந்தன.

வீட்டுக்காரம்மா முனியம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"இன்னாடி மாரி இது, வூட்டாண்ட கல்யாணமா?"

"சீருக்கா. அம்மா வீட்டுலயிருந்து மெத்தை போடுதாக."

"யம்மாடி! இன்னா சைஸுடி! ரெண்டு குடும்பம் படுக்கலாம் போல கீது!"

அந்த மாடிப்படிக்கு அந்த மெத்தை கொஞ்சமும் பொருத்தமில்லை. நுழையவைக்க ஐந்து பேரும் தள்ளினார்கள், இழுத்தார்கள், முனியம்மாள் கீழேயிருந்து ரிவர்ஸ் சொன்னாள். கடைசியில் அது ஹாலில் விழுந்தபோது சுவருக்குச் சுவர் நிறைந்தது. நம்பிராஜன் ஓரக்கண்ணால் அடுப்படி வாசலைப் பார்த்தான். ஊட்டி காலியாக இருந்தது. கணக்கு சரி.

வேட்டி துண்டை வாங்கிக்கொண்டான். சந்தனம் வைத்துக்கொண்டான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி சொன்னான்:

"மாரி, படு. ஒனக்காகத்தானே இவ்வளவும்!"

தளவாயின் முகம் சுருங்கியது. முனியம்மாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னாப்பா நீ! சீரு மெத்தைல மாப்ள படுக்காம பொண்ணா படுக்கும்? எந்த ஊர்ல கீது இந்த நாயம்?"

"அத்தான், ஒங்களுக்குத்தான் போட்டது" என்றான் தளவாய். "நீங்க படுங்க."

"எனக்கு எதுக்கு?" என்றாள் சந்தனமாரி. "நான் தரையில படுத்துக்கிடுவேன்."

ஒரு தடவைதானே என்று நம்பிராஜன் படுத்தான். முதலில் சில்லென்றுதான் இருந்தது. சிரித்தான். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அப்புறம் மெத்தை மெதுவாக அவனை உள்ளே வாங்கியது. முதுகுக்கு அடியில் யாரோ விறகு தள்ளிவிட்ட மாதிரி ஒரு வெதுவெதுப்பு தொடங்கியது. அது தோளுக்கு வந்தது. காதுக்கு வந்தது.

"எப்படி இருக்கு அத்தான்?"

"குளுகுளுன்னு இருக்கு."

"இன்னாப்பா, நெத்தில இப்டி வேர்க்குது?" என்றாள் முனியம்மாள்.

"சந்தோசம்" என்றான் நம்பிராஜன்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்வரை அவனை எழுந்திருக்கவிடவில்லை. மாப்பிள்ளைக்கு வாழையிலையைக்கூட மெத்தைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். வண்டி போன சத்தம் கேட்டதும் எழுந்தான். பழைய தபால்தலையை உரிக்கிற மாதிரி முதுகு மெத்தையிலிருந்து சத்தத்தோடு பிரிந்தது.

"சரி மாரி, சடங்கு முடிஞ்சுது. இனிமே இது ஒனக்கு."

பதில் ஊட்டியிலிருந்து வந்தது. அவள் அதற்குள் அங்கே போய்ப் படுத்து, துப்பட்டாவையும் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"அது எப்படி? மருமவனுக்குப் போட்ட சீரு."

"நான்தானே சொல்லுதேன். ஒனக்குத் தாரேன்."

"நீங்க படுக்காமத் தந்தா எங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? மாப்பிள்ளை முறுக்குல இருக்காருன்னு அர்த்தம். எங்க பெரிய அத்தான் இப்படித்தான். சீர்க்கட்டில் சின்னதா இருக்குன்னு வாசல் முத்தத்துல போய்ப் படுத்துக்கிட்டாரு. சமாதானம் பண்ண நாங்க எல்லாரும் வண்டி பிடிச்சுப் போனோம். அம்மா, அப்பா, சித்தி, சித்தி பிள்ளைக, வனமாமலை மாமா..."

"எத்தனை நாள் இருந்தீங்க?"

"அவரு சிரிக்கிற வரைக்கும்."

"எப்பச் சிரிச்சாரு?"

"அவரு எங்க சிரிச்சாரு? அரிசி தீந்துபோச்சு, நாங்களாக் கெளம்பிட்டோம்."

நம்பிராஜன் அந்த ஒற்றை அறையைப் பார்த்தான். அதில் அவள் ஊரான ஆலங்குளத்துச் சனம் முழுவதையும் வரிசையாகப் படுக்கவைத்துப் பார்த்தான். ஊட்டியில் யார் இருப்பார்கள் என்றும் யோசித்தான். மாமியார்தான் இருப்பாள். அவளுக்கும் சூட்டு உடம்பு. பரம்பரையாக வருவது.

"நான் எங்க படுக்கேன்னு அங்க யாரு போய்ச் சொல்லப்போறா?"

"நான் சொல்லமாட்டேன். ஆனா முனியம்மாக்கா தொட்டியில தண்ணி ஏறிச்சான்னு பாக்க நம்ம வாசல் வழியாத்தான் போவாக. அம்மா நம்பரு அவுககிட்ட இருக்கு."

"எப்படி?"

"நான்தான் குடுத்து வச்சேன். ஒரு ஆத்திர அவசரத்துக்கு."

மறுநாள் காலை இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன், மெத்தைமேல் பாயை விரித்துப் படுத்துப் பார்த்தான். காற்றுக்காகக் கதவு திறந்திருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மாடியேறிய முனியம்மாள் வாசலில் நின்றுவிட்டாள்.

"இன்னாப்பா, மெத்தை மேல பாயி? மெத்தை புடிக்கலியா?"

"சே, சே. அழுக்குப் படக்கூடாதுன்னு."

"அழுக்கானா தொடச்சிக்கோ, ரெக்சினுதானே! அவ்ளோ ஆசையா போட்டுக்கீறாங்க, அது மேல பாயப் போட்டா அவங்க மனசு இன்னா பாடுபடும்?"

அவள் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுத்தான் தொட்டியைப் பார்க்கப் போனாள்.

அடுத்த நாள் வேறு வழியில் போய்ப் பார்த்தான். குரலில் அன்பைக் குழைத்துக்கொண்டான்.

"ஏளா மாரி, டபுள் மெத்தை. நான் மட்டும் தனியாக் கெடக்கேன். நீயும் வந்து படேன்."

"எதுக்கு?"

"புருசன் பொண்டாட்டின்னா ஒண்ணாத்தானே படுக்கணும்."

"கத்திரி முடியட்டும்."

புதன்கிழமை அவன் உடம்பெல்லாம் வேர்க்குரு. லைனில் அச்சிலிருந்து சீட்டை உருவும்போது போம் சூட்டோடு வெளியே வந்தது. அதைப் பார்த்து அவனுக்கு முதல்முறையாக இரக்கம் வந்தது. பஸ்ஸில் தூங்க முயன்றான். பஸ் சீட்டும் ரெக்சின்.

வியாழக்கிழமை காலை அவன் மெத்தையின் ஓரத்தில் துண்டால் விசிறியபடி உட்கார்ந்திருந்தான். சந்தனமாரி வழக்கமான இடத்தில், வழக்கமான துப்பட்டாவுக்குள் இருந்தாள். செல்போன் அடித்தது. இரவு முழுக்கச் செல்போனாகச் செய்து தள்ளுகிறவள் வீட்டில் ஒரே ஒரு செல்போன். அவள் எடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, படுத்தபடியே கையை நீட்டினாள்.

"அம்மா. ஒங்ககிட்டத்தான் பேசணுமாம்."

மாமியாருக்குப் போன் என்பது தூரத்தில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற கருவி. அதனால் கூப்பிட்டுத்தான் பேசுவாள். அறை முழுக்கக் கேட்கும்.

"மாப்ள! மெத்தை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அத்தை."

"வீட்டுக்கார அம்மா போன் போட்டாக. நீங்க தூங்கி எந்திரிக்கும்போது மொகமே சரியில்லையாம். மெத்தையில படுக்காம ஓரமா உக்காந்தே இருக்கியளாம். எம்மவ எதையும் வாயைத் தொறந்து சொல்லமாட்டா. கொறை இருந்தாச் சொல்லிருங்க. இன்னைக்குச் சாயங்காலமே எல்லாரும் பொறப்பட்டு வாரோம். ஒங்க மாமா வண்டிக்குச் சொல்லக் கெளம்பிக்கிட்டு இருக்காவ!"

நம்பிராஜன் துள்ளி எழுந்தான். ரெக்சினிலிருந்து தொடை பிரிந்த சத்தம் ஆலங்குளம்வரை கேட்டிருக்கும்.

"ஐயோ அத்தை! கொறையா? யாரு சொன்னா? மாமாவை நிப்பாட்டுங்க!"

"அப்போ மொகம் ஏன் அப்படி இருக்கு? ஏன் ஓரமா உக்காந்திருக்கிய?"

அந்த நேரத்தில் அவன் அறிவு மின்னலாக வேலை செய்தது. ஆலங்குளம் வண்டியை நிறுத்த வேண்டும். சந்தேகத்துக்கே இடமில்லாமல் நிறுத்த வேண்டும்.

"குளிரு அத்தை!"

"என்னது?"

"குளிரு! அப்படி ஒரு மெத்தை. காஷ்மீரு மாதிரி இருக்கு. படுத்தா உள்ளுக்குள்ள இருந்து சிலுசிலுன்னு ஏறுது. பல்லு தந்தி அடிக்கு. வெடவெடன்னு நடுங்குது. அதான் அப்பப்ப எந்திரிச்சு உக்காந்து உள்ளங்கையைத் தேச்சுக்கிடுதேன். வேற ஒண்ணும் இல்ல அத்தை."

நெற்றி வேர்வை அவன் மூக்கு நுனிக்கு வந்து, சொட்டலாமா என்று நின்றது.

"நெசமாவா மாப்ள?"

"சத்தியமா அத்தை."

"என் வயித்துல பாலை வாத்திய." அவள் உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏங்க, வண்டி வேண்டாம்! மாப்ள சந்தோசமா இருக்காரு!"

நம்பிராஜன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வாரத்தில் முதல்முறையாக அவன் உடம்பில் ஒரு குளிர்ச்சி பரவியது. ஊட்டி போனால் போகிறது. ஆலங்குளம் வராமல் தடுத்தாயிற்று.

"நல்லவேளை சொன்னிய மாப்ள" என்றாள் மாமியார். "ஒங்களுக்கு ஈர ஒடம்பு போல. இப்படிக் குளிருல கெடந்தா நெஞ்சுல சளி கட்டிக்கிடும். நாளைக்கே தளவாய்கிட்டச் சொல்லி நல்ல கம்பளி ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுதேன். அதையும் சீராவே வச்சுக்கிடுங்க."

மூக்கு நுனியில் நின்ற வேர்வை சொட்டியது.

தொட்டிக்குக் கீழே துப்பட்டா லேசாக அசைந்தது.

"அம்மா, ரெண்டா வாங்கித் தரச் சொல்லு" என்றாள் சந்தனமாரி. "கீழ விரிக்க ஒண்ணு, மேல போத்த ஒண்ணு."